அ, ஆ சொல்லிக்கொடுக்க பிரான்ஸ் போக வேண்டுமா?

என் தங்கையின் பேத்தி பிரான்சில் இரண்டு வருஷம் படித்துவிட்டுத் தாம்பரத்துக்கே திரும்பி வந்திருக்கிறாள் என்று சொன்னால், எங்கள் தெருவில் எல்லோருக்கும் முகம் மலரும். "என்ன படிப்பு சார்? எம்.எஸ்.ஸா, எம்.பி.ஏ.வா?" என்பார்கள். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு டீச்சராக இருப்பதற்கான படிப்பு என்று நான் சொன்னதும் அந்த மலர்ச்சி பாதியில் நின்றுவிடும். "அதுக்கு எதுக்கு சார் ஃபாரின்? எங்க பெரியம்மா எட்டாங்கிளாஸ்தான். பால்வாடியில முப்பது வருஷம் வேலை பார்த்தாங்க" என்று ஒருவர் கேட்டே விட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பெரியம்மாக்களிடம் பிறகு வருகிறேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் பக்கம்தான் வெற்றி. வங்கிக் கடன் ஒரு பக்கம். அது போதாமல் என் தங்கை அடகு வைத்த வளையல்கள் ஒரு பக்கம். பேத்திக்கு இப்போது கேம்ப் ரோடு அருகே ஒரு பிளே ஸ்கூலில் வேலை. சம்பளம் மாதம் பதினான்காயிரம். தவணை கட்டியது போக பஸ்ஸுக்கும் போனுக்கும் மிஞ்சும். நான் முப்பத்தாறு வருஷம் அரசு அலுவலகத்தில் பதிவேடுகளோடு குடித்தனம் நடத்தியவன். இந்தக் கணக்கை எந்தத் தணிக்கைக்கு அனுப்பினாலும் ஆட்சேபக் குறிப்போடுதான் திரும்பி வரும்.

ஆனாலும் அவள் வெறுங்கையோடு வரவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. குடும்பத்தில் அவளோடு பிரெஞ்சு பேச மிச்சமிருப்பவன் நான் ஒருவன்தான். அதனால் சாயங்காலங்களில் வந்து உட்கார்ந்து நிறையப் பேசுவாள். அவள் எதைக் கொண்டு வந்தாள் என்று எனக்குப் பிடிபட்டதை எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் நான் படித்த வகுப்பறையைச் சொல்லியாக வேண்டும். புதுச்சேரியில் 1954 நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறியது. நான் சேர்ந்த பள்ளிக்கூடம் கைமாறவில்லை. நான் போனபோதும் அங்கே எல்லாம் பிரெஞ்சில்தான். வீட்டில் அம்மாவோடு தமிழ். தெருவில் தமிழ். படி ஏறி உள்ளே போனால் 'போன்ழூர் மதாம்'. முதல் வருஷம் முழுக்க நான் வாயே திறக்கவில்லை என்று அம்மா சொல்வாள். எனக்கு நினைவிருப்பது டீச்சரம்மாவின் கைதான். அந்தக் கை எழுந்தால் நாங்கள் எழுவோம். அந்தக் கை சாக்பீஸை எடுத்தால் நாங்கள் பலப்பத்தை எடுப்போம். பாஷை தெரியாத பிள்ளைக்குக் கண்தானே காது.

மனக்கணக்கு நேரத்தில் ஒரு சடங்கு உண்டு. டீச்சரம்மா கணக்கைச் சொல்வார். நாங்கள் சிலேட்டில் விடையை எழுதிக் கவிழ்த்து வைப்போம். அவர் பிரம்பால் மேஜையில் ஒரு தட்டுத் தட்டியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் சிலேட்டைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். ராணுவ அணிவகுப்பு மாதிரி இருக்கும். இதற்கு 'லா மர்த்தினியேர் முறை' என்று பெயர் இருப்பது எனக்கு ரொம்பப் பிற்பாடுதான் தெரியும்.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. க்ளோத் மர்த்தேன் என்பவர் 1735ல் பிரான்சின் லியோன் நகரில் பிறந்தவர். சிப்பாயாகப் புதுச்சேரிக்கு வந்து, பிறகு ஆங்கிலேயர் பக்கம் போய், லக்னோவில் ஏராளமாகச் சொத்து சேர்த்து, 1800ல் அங்கேயே இறந்தார். லக்னோ, கல்கத்தா, லியோன் மூன்று ஊர்களிலும் பள்ளிக்கூடம் தொடங்கப் பணம் எழுதி வைத்தார். அப்படி லியோனில் எழுந்த லா மர்த்தினியேர் பள்ளியில்தான் இந்தச் சிலேட்டு முறை பிறந்தது. எந்தப் பிள்ளைக்குப் புரிந்தது, எதற்குப் புரியவில்லை என்று ஆசிரியர் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். அதுதான் அதன் நோக்கம். புதுச்சேரிக்கு வந்த சிப்பாயின் காசில் லியோனில் எழுந்த பள்ளியின் முறை, கப்பலேறி மறுபடி புதுச்சேரிக்கே வந்து சேர்ந்தது.

எங்கள் வகுப்பில் என்ன நடந்தது தெரியுமா? சிலேட்டு தூக்கினோம். யார் முதலில் தூக்கினார்கள், யார் கோணலாகத் தூக்கினார்கள் என்பதுதான் பார்க்கப்பட்டது. முறை கப்பலில் வந்துவிட்டது. எதற்காக என்பது துறைமுகத்திலேயே நின்றுவிட்டது போலும். வெளிநாட்டுக் கல்வி முறை என்று யார் எதைக் கொண்டு வந்தாலும் எனக்கு இந்தச் சிலேட்டுதான் ஞாபகம் வரும்.

பேத்தி போனதும் அதே லியோன் பக்கம்தான். சென்னையில் பி.ஏ. பிரெஞ்சு முடித்தவள். அங்கே பல்கலைக்கழகத்தில் கல்வியியல் சேர்ந்தாள். அதில் ஒரு பகுதியாக, ஏறக்குறைய ஒரு கல்வியாண்டு முழுக்க, வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு மழலையர் பள்ளிக்குப் போக வேண்டும்.

பிரான்சில் அந்தப் பள்ளிக்கு 'எகோல் மத்தெர்னெல்' என்று பெயர். தாய்மைப் பள்ளி என்று சொல்லலாம். முன்பு அதே இடத்துக்கு அடைக்கலக் கூடம் என்ற பொருளில் வேறு பெயர் இருந்தது. ஏழைத் தாய்மார் ஆலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகும் இடம். 1881ல் பெயரும் மாறியது, நோக்கமும் மாறியது. போலின் கெர்கொமார் என்ற அம்மையார் அந்தப் பள்ளிகளின் தலைமை ஆய்வாளராக 1917 வரை இருந்து, இது காவல் கொட்டடியும் இல்லை, பெரிய பள்ளியின் குட்டிப் பதிப்பும் இல்லை, சின்னக் குழந்தைக்கு விளையாட்டுதான் வேலை என்று விடாமல் போராடினார். 2019 முதல் அங்கே மூன்று வயதிலேயே கல்வி கட்டாயம். எனக்கு ஆச்சரியமாக இருந்தது இன்னொன்று. மூன்று வயதுப் பிள்ளையின் ஆசிரியருக்கும் பத்து வயதுப் பிள்ளையின் ஆசிரியருக்கும் அங்கே ஒரே தகுதி, ஒரே தேர்வு, ஒரே சம்பள விகிதம். இதைப் பேத்தி சொன்னபோது என் தங்கை பெருமூச்சு விட்டாள்.

முதல் நாள் வகுப்பாசிரியை இவளுக்கு மூலையில் ஒரு குட்டி நாற்காலியைக் காட்டி, ஒரு நோட்டைக் கொடுத்தாராம். "இரண்டு வாரத்துக்கு நீ எதையும் சொல்லித்தர வேண்டாம். பார், எழுது. சாயங்காலம் என்ன பார்த்தாய் என்று என்னிடம் சொல்." இவளுக்கு ஏமாற்றம். பாட்டு, பொம்மை, அட்டைப்படம் என்று பெட்டி நிறையத் தயார் செய்துகொண்டு போனவள் அல்லவா.

ஏமாற்றத்தோடு வெட்கமும் சேர்ந்துகொண்டது. மோலியேரும் விக்தோர் யூகோவும் படித்து முதல் வகுப்பில் தேறியவளுக்கு, மூன்று வயதுப் பிள்ளை மூக்கொழுகப் பேசும் பிரெஞ்சில் பாதிக்கு மேல் புரியவில்லை. "தாத்தா, நீங்க சொல்வீங்களே, கண்ணுதான் காதுன்னு. அது மாதிரிதான் உட்கார்ந்திருந்தேன்" என்றாள்.

புரியாததால் பார்க்க ஆரம்பித்தாள். வருகைப் பதிவு என்று அங்கே யாரும் பேர் கூப்பிடுவதில்லை. உள்ளே வரும் பிள்ளை, மேஜையில் பரப்பி வைத்திருக்கும் அட்டைகளில் தன் பேர் எழுதியதைத் தேடி எடுத்துப் பலகையில் தானே ஒட்ட வேண்டும். முதல் மாதம் அட்டையில் படமும் இருந்தது. பிறகு பேர் மட்டும். யாரும் எழுத்துச் சொல்லித்தரவில்லை. ஆனால் பிள்ளைகள் தங்கள் பேரை அடையாளம் கண்டுபிடித்தார்கள். இவள் படித்த தாம்பரத்துப் பள்ளியில் வருகைப் பதிவு என்றால் 'பிரசன்ட் மிஸ்' என்று கத்துவது. அது தவிர வேறு விதமாகவும் அதைச் செய்யலாம் என்பதே அன்றைக்குத்தான் அவளுக்குத் தோன்றியதாம்.

மூன்றாவது நாள் நோட்டில் 'ஒரு பையன் கோட்டுப் போட மாட்டேன் என்று அடம்பிடித்தான்' என்று எழுதினாள். சாயங்காலம் ஆசிரியை அதில் 'அடம்' என்ற வார்த்தைக்கு அடியில் கோடு போட்டார். "இதைப் பார்த்தாயா, நினைத்துக்கொண்டாயா?" அவ்வளவுதான் கேட்டார். மறுநாள் அந்தப் பையனை மட்டும் பார்த்தாள். கோட்டின் ஒரு கை உள்பக்கம் புரண்டிருந்தது. அவன் அதில் கையை விடுகிறான், போகவில்லை. மறுபடி விடுகிறான், போகவில்லை. மூன்றாம் தடவை கோட்டைத் தரையில் எறிகிறான். ஆசிரியை வந்து ஒன்றும் பேசாமல் கோட்டைத் தரையில் விரித்தார், கழுத்துப் பக்கம் அவன் காலடியில் இருக்கும்படி. பையன் குனிந்து இரண்டு கைகளையும் விட்டு, தலைக்கு மேலே ஒரே வீச்சாகத் தூக்கினான். கோட்டு தானாக முதுகில் போய் உட்கார்ந்தது. பிரெஞ்சுப் பள்ளிகளில் எல்லோருக்கும் தெரிந்த வித்தையாம் அது.

தாம்பரத்தில் கோட்டுக்கு என்ன வேலை? கத்திரி வெயிலில் சட்டையையே கழற்றி எறியத் தோன்றுகிறது. அந்த வித்தையால் இங்கே பத்து பைசா பிரயோஜனம் இல்லை. ஆனால் 'பார்த்தாயா, நினைத்துக்கொண்டாயா' என்ற கேள்வி விமானத்தில் அவளோடு வந்துவிட்டது.

அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே வகுப்பில் இருபத்தேழு பிள்ளைகள். அழுகிற பிள்ளையை வாசலிலேயே வாங்கிக்கொண்டு தாயை உடனே அனுப்பிவிடும் வழக்கம் இவளுக்குக் கடைசி வரை ஒத்துவரவில்லை. ஐந்து வயது வகுப்பில் பென்சில் தாள்கள் கட்டுக் கட்டாகக் குவிந்தன. துருக்கிக் குடும்பத்துப் பையன் ஒருவன் ஐந்து மாதம் பேசவே இல்லை. ஒரு விருந்தாளி ஆசிரியை அவனை மந்தம் என்றார். வகுப்பாசிரியையோ, அவன் எல்லாவற்றையும் மற்றவர்களைப் பார்த்துச் சரியாகச் செய்கிறான், காத்திருப்போம் என்றார். இதைக் கேட்டபோது எனக்குப் புதுச்சேரி ஞாபகம் வந்தது. அந்தப் பையனை எனக்கு நன்றாகத் தெரியும். நானேதான் அவன்.

வெளிநாட்டுக்குப் போக முடியாத ஆசிரியர்களைத் தேடி வெளிநாடே வந்த கதையும் நம் ஊரில் உண்டு. தாம்பரத்திலிருந்து ஒரு பஸ் தூரம், அடையாறு. 1939 நவம்பரில், அருண்டேல், ருக்மிணி தேவி தம்பதியர் அழைப்பில், பிரம்மஞான சபைக்கு மரியா மாண்டிசோரி அம்மையார் வந்தார். அப்போது அவருக்கு வயது 69. 1907ல் ரோம் நகரத்துக் குடிசைப் பகுதியில் முதல் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கி உலகப் புகழ் பெற்றவர். மூன்று மாதப் பயிற்சி நடத்திவிட்டுப் போவதாகத் திட்டம். நாட்டின் பல மூலைகளிலிருந்து சுமார் முந்நூறு பேர் படிக்க வந்தார்கள்.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. இத்தாலிக்காரர் என்பதால் ஆங்கில அரசுக்கு அவர் எதிரி நாட்டுப் பிரஜை. மகன் மரியோவை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அம்மையார் அடையாறை விட்டு நகரக் கூடாது என்று உத்தரவு. ஆகஸ்ட் 31ஆம் தேதி அவருடைய எழுபதாவது பிறந்தநாள். அதற்குப் பரிசாக மகனை விடுவிப்பதாக வைஸ்ராய் தந்தி அனுப்பினார். மூன்று மாதத்துக்கு வந்தவர் 1946 வரை இந்தியாவில் இருக்கும்படி ஆயிற்று. நடுவில் கொடைக்கானலில் சில வருஷம்.

அந்த வகுப்பு எப்படி நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மரியோ அதை ஆங்கிலத்தில் சொல்வார். கேட்டவர்களுக்கோ தமிழ், குஜராத்தி, சிங்களம் என்று ஆளுக்கொரு தாய்மொழி. வார்த்தை இரண்டு வாய் மாறி வந்து சேரும். ஆனால் அவர் ஒரு மரக்கட்டையை எடுத்து, மெதுவாக, பேசாமல், இன்னொன்றின் மேல் வைத்துக் காட்டுவதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. குழந்தைக்குச் செய்து காட்டும்போது வாயைக் குறைத்துக் கையை நிதானப்படுத்து என்பதுதானே அவர் முறையின் உயிர். பாஷை புரியாத மாணவர்களுக்கு அது நேராகவே போய்ச் சேர்ந்திருக்கும். இலங்கையிலிருந்து வந்து அடையாறில் படித்த லீனா விக்ரமரத்ன என்ற அம்மையார், கொடைக்கானலில் மாண்டிசோரிக்கு உதவியாக இருந்து, பிற்காலத்தில் அமெரிக்காவுக்கே போய்ப் பயிற்சி அளித்தார்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், கற்றது மாணவர்கள் மட்டும் இல்லை என்பது. கொடைக்கானலில் பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாகச் செடியும் பூச்சியும் பார்த்துத் திரிந்ததிலிருந்து, பெரிய பிள்ளைகளுக்கான பாடத்தை அம்மையார் உருவாக்கினார். அவருடைய புகழ்பெற்ற நூல்களில் ஒன்று இந்தியாவில் ஆற்றிய சொற்பொழிவுகளிலிருந்து எழுந்தது. 1949ல் அடையாறில்தான் முதலில் அச்சாயிற்று. எழுபது வயதில், அயல் மண்ணில், பாஷை தெரியாத பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து அவர் புதிதாகக் கற்றார்.

ஆனால் இன்று நம் பக்கத்தில் 'மாண்டிசோரி' என்று எத்தனை பலகைகள்! சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம் என்று தெருவுக்கு ஒன்று. பல இடங்களில் கண்ணாடி அலமாரிக்குள் அந்த மரக்கட்டைகள் தூசு படியாமல் பூட்டி இருக்கும். சேர்க்கை சமயத்தில் பெற்றோருக்குக் காட்டுவதற்கு. என் சிலேட்டுக் கதைதான்.

பேத்தி வேலைக்குச் சேர்ந்த இடம் வாடகை வீடு. சுவரில் பொம்மைப் படங்கள், பதினெட்டுப் பிள்ளைகள், உதவிக்கு ஓர் ஆயாம்மா. முதல் வாரமே ஆயாம்மா ஒரு பெண் குழந்தையைக் காட்டி, "இது சாப்பாட்டுக்கு ரொம்ப அடம் மிஸ்" என்றாராம். இவளுக்கு உடனே அடிக்கோடு போட்ட வார்த்தை ஞாபகம் வந்துவிட்டது. மூன்று நாள் அந்தக் குழந்தையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பார்த்தாள். டிபன் டப்பாவின் மூடி நான்கு பக்கமும் அழுத்தமான கொக்கி. பிஞ்சு விரலுக்கு அது திறக்கவில்லை. கேட்க வெட்கம். அதனால் 'வேணாம்' என்று தள்ளி வைத்துவிடுகிறது. அம்மாவிடம் சொல்லிச் சாதாரண எவர்சில்வர் தூக்கு மாற்றச் சொன்னாள். அன்றிலிருந்து குழந்தை சாப்பிடுகிறது. கோட்டு வித்தை தூக்குச் சட்டியாக மாறியது என்று நான் கேலி செய்வேன்.

பேர் அட்டை வைத்தாள், ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் ஆங்கிலத்திலும். ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் பேசாமல் இருந்தான். அவனிடம் 'ஸ்பீக் இன் இங்கிலீஷ்' என்று சொல்வதை நிறுத்தச் சொன்னாள். அழுகிற பிள்ளையின் பாட்டியை ஒரு வாரம் வகுப்பு வாசலில் உட்காரவிட்டாள். இது லியோனில் கற்றது இல்லை, லியோனில் ஒத்துவராததிலிருந்து கற்றது.

எழுத்து விஷயத்தில்தான் சிக்கல் வந்தது. மூன்று வயதில் பென்சில் வேண்டாம், களிமண் உருட்டட்டும், மணி கோக்கட்டும், விரல் பழகட்டும் என்றாள். நோட்டு காலியாக வீட்டுக்குப் போயிற்று. பெற்றோர் சங்கடப்பட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மெப்ஸிலும் ஓ.எம்.ஆரிலும் நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து, கட்டிய பணத்துக்கு என்ன நடந்தது என்று அவர்கள் பார்ப்பது அந்த நோட்டில்தான். "பக்கத்து ஸ்கூல்ல ஃபிஃப்டி வரைக்கும் எழுதுறாங்க" என்று ஒரு தாய் அழாத குறையாகச் சொன்னார். மூன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

நிர்வாகி அம்மா இவளைக் கூப்பிட்டு, "உன் படிப்பெல்லாம் சரிம்மா, ஜூன் அட்மிஷனைப் பார்த்துட்டுத்தான் மேற்கொண்டு பேச முடியும்" என்று சொல்லிவிட்டார். இடையில் ஒரு ஏற்பாடு: நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும் கொஞ்சம் எழுத்து, மற்ற பிள்ளைகளின் நோட்டில் எழுத்துக்குப் பதில் இவளே தினம் இரண்டு வரி, 'இன்று உங்கள் மகள் இதைச் செய்தாள்' என்று. பதினைந்து பிள்ளை, முப்பது வரி. ராத்திரி பத்து மணி வரை எழுதுகிறாள். ஜூனில் வேலை இருக்குமா என்பது எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

இப்போது அந்தப் பெரியம்மாக்களுக்கு வருகிறேன். ஒருநாள் பேத்தியை எங்கள் பகுதி அங்கன்வாடிக்குக் கூட்டிப்போனேன். 1972ல் மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு, பள்ளி வயது வராத பிள்ளைகளைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தது. அவர் வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனின் மனைவி. கேம்பிரிட்ஜில் பொருளாதாரம் படித்தவர். அந்த அறிக்கை வழியமைக்க, 1975 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கிய திட்டம்தான் இன்றைய அங்கன்வாடி. நம் மாநிலத்தில் மட்டும் 54 ஆயிரத்துக்கு மேல் மையங்கள்.

அங்கே இருந்த அம்மா வெளிநாடு என்ன, டெல்லிகூடப் பார்த்ததில்லை. ஆனால் புளியங்கொட்டையை இரண்டாகப் பிளந்து கறுப்பு, வெள்ளை என்று பிரித்து அடுக்க வைத்திருந்தார். ஒரு குட்டிப் பையன் பம்பரக் கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தான். அவர் அவன் கையைப் பிடிக்கவே இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே வந்ததும் பேத்தி சொன்னாள்: "தாத்தா, அங்க எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு இதைக் கத்துக்க. இவங்க ஏற்கெனவே செய்றாங்க. ஆனா சாயங்காலம் இவங்ககிட்ட என்ன பார்த்தீங்கன்னு கேட்க யாரும் இல்ல."

எனக்கு அது சுருக்கென்று தைத்தது. அந்த அம்மாவிடம் எத்தனை பேர் எத்தனை கேட்கிறார்கள்! எடை, உயரம், முட்டை இருப்பு, சத்துமாவு இருப்பு, தடுப்பூசி. இப்போது போனில் வேறு பதிவேற்ற வேண்டும். பதிவேடுகளின் அருமை எனக்குத் தெரியும். எடை குறைந்த பிள்ளை கண்ணில் படுவது அதனால்தான். ஆனால் 'இன்று என்ன பார்த்தீர்கள்' என்ற கலம் எந்தப் பதிவேட்டிலும் நான் கண்டதில்லை.

ஆக, பேத்தி கடன் வாங்கிப் போய்க் கொண்டுவந்தது இரண்டு பழக்கங்கள். பாஷை புரியாத இடத்தில் உட்கார்ந்ததால் வந்த பார்வை ஒன்று. சாயங்காலம் ஒரு மனுஷி கேட்ட கேள்வி இன்னொன்று. முதலாவதற்கு ஒருவேளை விமானம் ஏற வேண்டியிருக்கலாம். நம் ஊர் என்று நாம் இயல்பாக எடுத்துக்கொள்வது, பலவற்றில் ஒரு வழிதான் என்று தெரிய, கொஞ்சம் தள்ளிப் போய்த்தான் பார்க்க வேண்டும். இரண்டாவதற்குப் பாஸ்போர்ட் தேவையில்லை.

2024 அக்டோபரில் நம் அரசு, 'கனவு ஆசிரியர்' விருது பெற்றவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பிரான்சுக்குக் கல்விச் சுற்றுலா கூட்டிப்போனது. சில நாளில் என்ன கற்றுவிடுவார்கள், ஈஃபில் கோபுரத்தோடு படம் பிடித்துக்கொண்டு வருவார்கள் என்று எங்கள் நடைப்பயிற்சிக் குழுவில் கிண்டல் செய்தார்கள். நான் அந்தக் கிண்டலில் சேரவில்லை. அரசுப் பள்ளி ஆசிரியருக்கு அப்படி ஒரு வாய்ப்புக் கிடைத்தது எனக்குச் சந்தோஷம். திரும்பி வந்த பிறகு ஒவ்வொருவரையும் உட்கார வைத்து என்ன பார்த்தீர்கள் என்று யாராவது நிதானமாகக் கேட்டால், செலவழித்த பணம் வீண் போகாது. அடுத்த முறை அங்கன்வாடி அம்மாக்களிலும் சிலரைச் சேர்த்தால் இன்னும் சந்தோஷப்படுவேன்.

நம்மால் முடிந்ததை நாம் செய்யலாமே என்று ஒரு சின்ன ஏற்பாடு. மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் பேத்தி, அவளோடு வேலை பார்க்கும் ஒரு டீச்சர், அந்த அங்கன்வாடி அம்மா, பக்கத்துத் தெரு பிளே ஸ்கூலிலிருந்து இன்னும் இருவர் என்று ஐந்து பேர் கூடுகிறார்கள். பாடம் கிடையாது, சொற்பொழிவு கிடையாது. அந்த மாதம் ஒரு பிள்ளையிடம் பார்த்ததை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். நினைத்ததைச் சொன்னால் மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது நான். பழைய தொழில், கை மறக்கவில்லை.

இதுவரை மூன்று கூட்டம் ஆகிவிட்டது. போன கூட்டத்துக் குறிப்பிலிருந்து ஒன்று மட்டும் தருகிறேன். சொன்னவர் அங்கன்வாடி அம்மா. எடை பார்க்கும் நாளில் தவறாமல் அழுகிற ஒரு பெண் குழந்தை, அன்றைக்குத் தன் துணிப் பொம்மையை முதலில் எடை மெஷினில் நிற்க வைத்தது. முள்ளைக் குனிந்து பார்த்தது. பொம்மையிடம் ஏதோ சொன்னது. பிறகு தானே ஏறி நின்றது. அழவில்லை. அரசுப் பதிவேட்டில் எடை மட்டும் ஏறியிருக்கும். மற்றது என் நோட்டில் இருக்கிறது.

அடுத்த கூட்டம் வருகிற மாதம் இரண்டாவது சனிக்கிழமை, மாலை 4 மணி. சின்னப் பிள்ளைகளோடு வேலை பார்க்கிறவர்கள் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் அனுப்பி வையுங்கள். சுக்குக் காபி உண்டு.